களைந்த கந்தல் எங்கே போயிற்று?

தொப்பம்பட்டி பழனிக்கு வடக்கே இருக்கிறது. திண்டுக்கல் மாவட்டத்து ஒன்றியங்களுள் ஒன்றுக்கு அது தலைமையூர். மழையையும் கிணற்றையும் நம்பிச் சோளமும் பருத்தியும் முருங்கையும் விளையும் சமவெளி. சற்றுத் தொலைவு சென்றால் மாவட்ட எல்லை முடிந்து திருப்பூர் மாவட்டம் தொடங்கிவிடும். 2009இல் அந்த மாவட்டம் உருவாவதற்கு முன்பிருந்தே எங்கள் பகுதி மக்களின் பிழைப்பில் ஒரு பங்கு அந்தப் பக்கம்தான். விடியுமுன் மில் வேன்கள் வந்து பெண்களை ஏற்றிச் செல்கின்றன. பகலில், வண்ண வண்ணத் துண்டுத் துணிகளைப் பொதிந்து கட்டிய மூட்டைகளோடு லாரிகள் போகின்றன. அவை எங்கிருந்து வருகின்றன, எங்கே போகின்றன என்று நாம் பல ஆண்டுகள் கேட்டதில்லை. கேட்க வைத்தது ஒரு வகுப்பு.

அன்று பொருநராற்றுப்படை நடத்திக்கொண்டிருந்தோம். முடத்தாமக்கண்ணியார் கரிகாற்பெருவளத்தானைப் பாடிய நூல் அது. வறுமையோடு வந்து நிற்கும் பொருநனின் உடையை அதில் புலவர் விரிவாகவே காட்டுகிறார். ஈரும் பேனும் குடியேறிய துணி, வியர்வையில் ஊறியது, கிழிந்த இடங்களில் எல்லாம் வேறு நூல் கொண்டு தைத்துத் தைத்து, மூல இழை எது, ஒட்டுப்போட்ட இழை எது என்று தெரியாமல் போனது. அரசன் அந்தச் சிதாரை நீக்கிவிட்டு, நூல் ஓடும் வழி கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய, பாம்பு உரித்த சட்டை போன்ற புத்தாடையைத் தருகிறான். கொடைச் சிறப்பை விளக்கும் இடம் என்பதால் நாமும் அந்தப் புத்தாடையின் மென்மையில் நெடுநேரம் நின்றோம்.

கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். "கழட்டிப் போட்ட கந்தல் எங்கீங்கய்யா போச்சு?" என்றாள். வகுப்பு சிரித்தது. "உரையாசிரியர் சொல்லவில்லை அம்மா" என்று சொல்லி நாமும் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை. வகுப்பு முடிந்தபின் வந்து, தன் தாயார் பனியன் கட்டிங் வேஸ்ட் பிரிக்கும் கொட்டகையில் வேலை செய்கிறார் என்றும், வீட்டில் துணி என்று பேச்சு வந்தாலே அது பழைய துணியைப் பற்றித்தான் என்றும் சொன்னாள். இருபது ஆண்டுகளாக அந்தப் பாட்டை நடத்தி வரும் நமக்கு ஒருநாளும் தோன்றாத கேள்வி அது. இந்தக் கட்டுரை அவளுக்குக் கடன்பட்டது.

இன்று ஆடைத் தொழிலில் 'சுழற்சிப் பொருளாதாரம்' என்ற சொல் பெரிதும் புழங்குகிறது. எடுத்து, செய்து, உடுத்தி, எறிந்துவிடும் நேர்கோட்டுப் பாதையை வளைத்து, எறிந்ததை மீண்டும் மூலப்பொருளாக்கும் வணிக முறை என்று அதற்கு விளக்கம் சொல்வர். புதிதாக எங்கோ கண்டுபிடிக்கப்பட்டது போலவும், அல்லது நம் பாட்டிமார் எல்லாரும் அறிந்து கடைப்பிடித்து நாம் மறந்துவிட்டது போலவும் இருவிதமாகப் பேசுகிறார்கள். கந்தலின் பாதையைச் சற்றுப் பின்தொடர்ந்து பார்த்தால் இவ்விரண்டும் பாதி உண்மைகளே என்று தெரிகிறது.

*

சொற்களிலிருந்தே தொடங்கலாம். துணிக்கப்படுவதால் துணி. அறுக்கப்படுவதால் அறுவை. மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்று சங்கப் புலவர் ஒருவர் இருந்தார், துணி வணிகர். உடைக்கு நாம் இட்ட பெயர்களிலேயே வெட்டு இருக்கிறது என்றால், வெட்டியது போக மிஞ்சும் துண்டும் அப்பெயர்களுக்குள் இருக்கத்தானே வேண்டும்? கிழிந்ததற்கும் பெயர்கள் குறைவில்லை: சிதார், கந்தை, கந்தல், கிழிசல், பீறல்.

பனுவல் என்ற சொல் இன்னும் சுவையானது. நூற்பதற்குரிய பஞ்சுக்கும் அது பெயர்; புலவன் செய்த நூலுக்கும் அது பெயர். நன்னூல் செய்த பவணந்தியார், சொல்லைப் பஞ்சாகவும் செய்யுளை இழையாகவும் புலவனை நூற்கும் பெண்ணாகவும் வாயைக் கையாகவும் அறிவைக் கதிராகவும் உருவகம் செய்தார். அந்த உருவகத்தின் மூலத்தில் இருக்கும் பெண்ணை நாம் எளிதில் கடந்துவிடுகிறோம். சங்கப் பாடல்களில் அவள் 'பருத்திப் பெண்டு'. ஆண் துணையற்ற பெண்கள் தம் முயற்சியால் நூற்றுப் பிழைத்ததை நற்றிணை குறிக்கிறது. துணியின் தொடக்கத்தில் ஆதரவற்ற பெண்ணின் கை இருந்தது என்பதை இங்கே குறித்து வைத்துக்கொள்வோம். துணியின் முடிவிலும் அதே கையைத்தான் சந்திக்கப் போகிறோம்.

*

எங்கள் பக்கத்து வீடுகளில் ஒரு நூற்சேலையின் ஆயுள் ஏறத்தாழ இப்படி இருந்தது. முதலில் விசேஷத்துக்கு, பின் சந்தைக்கு, பின் காட்டு வேலைக்கு. முந்தானை நைந்தால் நடுப்பகுதியைச் சிறுமிக்குப் பாவாடையாக வெட்டுவார்கள். நன்றாகத் துவைத்துத் துவைத்து மெலிந்த சேலைதான் தொட்டிலுக்கு ஏற்றது. புதுச்சேலை பிள்ளையின் உடம்பை உறுத்தும். பல சேலைகளை அடுக்கித் தைத்தால் படுக்க விரிப்பு. தலைச்சுமைக்குச் சும்மாடு. மாதவிலக்குக்கு மடிப்புத் துணி. அடுப்படியில் கரித்துணி. வேட்டியாக இருந்தால் கிழித்து விளக்குத் திரி. முடிவில் எரிந்தோ மக்கியோ மண்ணுக்குப் போகும். பருத்தியாதலால் போனதற்கு அடையாளமும் இருக்காது.

இதில் வணிகமும் இருந்தது. பழைய துணி வாங்கிக்கொண்டு எவர்சில்வர் பாத்திரம் கொடுப்பவர் தெருவில் கூவிக்கொண்டு வருவார். எத்தனை சேலைக்கு எந்தக் கிண்ணம் என்று திண்ணையில் பெரும் பேரம் நடக்கும். அவர் கொண்டு போனதில் உடுத்தத் தக்கது வாரச்சந்தையில் விலையாகும். தகாதது பட்டறைகளில் எந்திரம் துடைக்கப் போகும். பழைய பட்டுப்புடவை வாங்குவோர் தனி. அவர்கள் துணியைப் பார்ப்பதில்லை, சரிகையைப் பார்ப்பார்கள். எரித்து வெள்ளியைப் பிரித்தெடுப்பார்கள். 'சுழற்சி வணிக மாதிரி' என்று இன்று கருத்தரங்குகளில் படம் போட்டுக் காட்டுவதை அவர்கள் சைக்கிளில் செய்துகொண்டிருந்தார்கள்.

இதுவரை சொன்னது நினைவேக்கத்துக்கு இனிமையானது. ஆனால் துணி வீட்டுக்குள் மட்டும் பயணம் செய்யவில்லை. வீட்டைவிட்டு வீடும், தெருவைவிட்டுத் தெருவும் சென்றது. அந்தப் பயணத்துக்கு ஒரு திசை இருந்தது. மனுதர்மத்தின் பத்தாம் இயல், பணிசெய்யும் சூத்திரனுக்கு எஞ்சிய உணவையும் பழைய ஆடையையும் தர வேண்டும் என்கிறது. சண்டாளர் உடுத்த வேண்டியது இறந்தவரின் துணி என்கிறது. நம் ஊர்களில் யாரும் நூலைப் புரட்டிப் பார்த்து நடந்ததில்லை. எனினும் பண்ணையாளுக்கு ஆண்டுக்கு ஒருமுறை புதுத்துணியும் மற்ற நாட்களில் உடுத்திக் கழித்ததும் என்பதும், பிணத்தின் மீது போர்த்தியது இறுதிச்சடங்கில் உழைத்தவருக்கு என்பதும் பல ஊர்களில் வழக்கமாக இருந்தன. கொடுத்தவர் அதைத் தருமம் என்று எண்ணினார். வாங்கியவருக்கு மறுக்கும் உரிமை இல்லை. கீழே போன துணி ஒருநாளும் மேலே வந்ததில்லை.

ஆகவே அந்தக் காலத்தில் துணி சுழன்றது என்று சொல்வது பொருந்தாது. அது இறங்கியது, ஒவ்வொரு படியிலும் ஒரு சாதியின் தோளில் தங்கி இறங்கியது. எதுவும் வீணாகவில்லை என்பது உண்மை. யாருக்கும் அவமானம் நேரவில்லை என்று அதற்குப் பொருளில்லை.

*

இந்தக் கேள்வியை மிகக் கூர்மையாக எழுப்பிய ஆண்டு 1921. அந்த ஆண்டு ஜூலை 31 அன்று பம்பாய்ப் பரேலில் அந்நியத் துணிகள் மலையாகக் குவிக்கப்பட்டுத் தீயிடப்பட்டன. ஆடையின்றி மக்கள் தவிக்கும் நாட்டில் துணியை எரிப்பதா என்று நண்பர் ஆண்ட்ரூஸ் வருந்தினார். தாகூர் கட்டுரை எழுதி எதிர்த்தார். ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்பது பலரும் கேட்ட கேள்வி. செப்டம்பர் 22 அன்று, எங்கள் திண்டுக்கல்லுக்கு அருகே மதுரையில், காந்தி மேற்சட்டையைத் துறந்து முழங்கால் அளவுத் துணியோடு வெளியே வந்தார். அக்டோபர் 13 தேதியிட்ட 'யங் இந்தியா' இதழில் தாகூருக்கு அவர் எழுதிய மறுமொழி வெளியாயிற்று.

அதன் சாரம் இது: ஆடையற்றவனுக்குத் தேவை வேலை, அதைக் கொடுக்காமல் துணியைக் கொடுப்பது அவனை அவமதிப்பதாகும். மிச்சில் உணவையும் கழித்த உடையையும் ஏழைக்குத் தருபவனாக இருக்க விரும்பவில்லை என்று காந்தி எழுதினார். எரித்தது சரியா என்பதில் இன்றும் இரு கருத்து இருக்கலாம். நமக்கும் அந்தத் தீயின் மீது தயக்கம் உண்டு. ஆனால் கழித்த துணிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் மேல்-கீழ் உறவை அரசியல் மேடையில் வைத்துப் பேசியவர் அவர். சின்னாளபட்டிக்கு அருகே 1947இல் டாக்டர் சௌந்தரமும் ஜி.ராமச்சந்திரனும் நிறுவிய காந்திகிராமத்தில் கதருக்கு இடம் கிடைத்ததும் இந்தச் சிந்தனையின் தொடர்ச்சியே. துணியைக் கொடுக்காதே, கதிரைக் கொடு என்பது அதன் உட்பொருள்.

*

கந்தலை நூலாகத் திருப்பும் எந்திர வழி இதற்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே இங்கிலாந்தில் தோன்றிவிட்டது. யார்க்ஷயரின் பேட்லி என்ற ஊரில் பெஞ்சமின் லா என்பவர் 1813இல் பழைய கம்பளித் துணியைக் கிழித்து இழையாக்கிப் புதுக் கம்பளியோடு கலந்து நூற்றார் என்பர். 'ஷாடி' என்று அதற்குப் பெயர். அண்டை ஊரான டியூஸ்பரியும் பேட்லியும் ஐரோப்பாவின் கந்தல் சந்தைகளாயின. 1861இல் தொடங்கிய அமெரிக்க உள்நாட்டுப் போரில் படைவீரர்களுக்கு அளித்த ஷாடி உடைகள் மழையில் நைந்து கிழிந்ததால் அந்தச் சொல்லுக்கே 'மட்டமானது' என்ற பொருள் நிலைத்துவிட்டது. நல்ல தொழில் ஒன்றின் பெயர் வசைச்சொல்லாக மாறியதற்கு, காசு பார்த்த ஒப்பந்தக்காரர்களே காரணம்.

1867இல் வெளிவந்த 'மூலதனம்' முதல் தொகுதியில் கந்தல் பிரிப்பவர்களைப் பற்றி ஒரு பகுதி வருகிறது. மிக இழிவான, மிக அழுக்கான, மிகக் குறைந்த கூலியுள்ள வேலைகளுள் ஒன்று அது என்றும், பெண்களையும் சிறுமிகளையுமே அதற்கு விரும்பி அமர்த்துகிறார்கள் என்றும், அம்மை நோய் பரவ அவர்கள் வாயிலாகிறார்கள் என்றும், முதல் பலி அவர்களே என்றும் மார்க்ஸ் எழுதினார். பேட்லியின் ஆலை முதலாளிகளின் பெயர்கள் வரலாற்றில் உள்ளன. அந்தச் சிறுமிகளில் ஒருத்தியின் பெயரும் இல்லை.

இத்தாலியின் பிராட்டோ நகரமும் நம் நாட்டில் அரியானாவின் பானிபட்டும் இவ்வழியில் வளர்ந்தவை. மேலை நாடுகளில் கழித்த கம்பளி உடைகள் குஜராத்தின் காண்ட்லா துறைமுகம் வழியே வந்து, பானிபட்டில் நிறம் நிறமாகப் பிரிக்கப்பட்டு, போர்வைகளாக மாறின. கம்பளி நீள இழை. கிழித்தாலும் ஓரளவு நீளம் எஞ்சும். பருத்தி அப்படியன்று. அதைக் கிழித்தால் இழை மிகக் குறுகிவிடும். சாதாரண ரிங் ஸ்பின்னிங் எந்திரத்தில் அது நிற்காது. ஆகவே பருத்திக் கந்தல் நெடுங்காலம் மெத்தைக்கும் காகிதத்துக்குமே போயிற்று.

இந்தத் தடையைத் தளர்த்திய எந்திரம் வந்தது எதிர்பாராத ஒரு திசையிலிருந்து. 1967இல் செக்கோஸ்லோவாகியாவில் பிடி 200 என்ற ஓபன் எண்ட் நூற்பு எந்திரம் விற்பனைக்கு வந்தது. அதிவேகமாகச் சுழலும் ஒரு சிறு கிண்ணத்துக்குள் இழைகள் காற்றால் இழுக்கப்பட்டு, அதன் பள்ளத்தில் படிந்து, முறுக்கேறி நூலாக வெளிவருகின்றன. இன்றைய எந்திரங்களில் அந்தக் கிண்ணம் நிமிடத்துக்கு 1,00,000 சுற்றுக்கு மேலும் சுழல்கிறது. குட்டை இழையையும் அது ஏற்கும். நூல் சற்றுத் தடிப்பாகவும் வலுக் குறைவாகவும் இருக்கும். ஆனால் நூலாக இருக்கும்.

*

திருப்பூரின் வளர்ச்சியும் இந்த எந்திரத்தின் வருகையும் நம் பகுதியில் ஒன்றையொன்று சந்தித்தன. பனியன் துணியில் கழுத்தும் கையும் வளைவாக வெட்டப்படுவதால் 100 கிலோ துணிக்கு ஏறத்தாழ 10 முதல் 15 கிலோ வரை துண்டுகளாகக் கழியும். நூற்பாலைகளிலும் கழிவு உண்டு. கோம்பிங் செய்யும்போது குட்டை இழைகளை எந்திரம் சீவித் தள்ளும். இவ்விரண்டையும் வாங்கி நூலாக்கும் ஓபன் எண்ட் மில்கள் கோவை, திருப்பூர் மாவட்டங்களில் பெருகின. அந்த நூல் கரூரிலும் சென்னிமலையிலும் ஈரோட்டிலும் படுக்கை விரிப்பாகவும் துண்டாகவும் திரைச்சீலையாகவும் மிதியடியாகவும் மாறுகிறது. நம் வீட்டுப் போர்வையில் பாதி ஒருகாலத்தில் வெளிநாட்டுக்குத் தைக்கப்பட்ட பனியனின் ஓரமாக இருந்திருக்கலாம்.

மாணவியின் தாயார் வேலை செய்யும் கொட்டகைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை சென்றோம். பத்துப் பதினைந்து பெண்கள் தரையில் அமர்ந்திருந்தார்கள். நடுவே ஆள் உயரக் குவியல். சுற்றிலும் நிறத்துக்கு ஒரு மூட்டை. தையல் உள்ளதைக் கத்தரித்து, லேபிளைப் பிய்த்து, ஒவ்வொரு துண்டையும் விரலால் இழுத்து விட்டு எறிந்துகொண்டிருந்தார்கள். ஏன் இழுக்கிறீர்கள் என்று கேட்டோம். "இழுத்துவுட்டா சுருங்குச்சுன்னா லைக்ராங்க. அது கலந்தா மில்லுல திருப்பி அனுப்பிருவாங்க" என்றார் அந்த அம்மா. கறுப்பில் மட்டும் அவர் மூன்று மூட்டை வைத்திருந்தார். நமக்கு மூன்றும் ஒன்றாகவே தெரிந்தன. "கண்ணு பழகிப்போச்சுங்க சார்" என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடர்ந்தார்.

அந்தப் பழகிய கண்ணின் மதிப்பு என்ன என்று பார்க்க வேண்டும். நிறவாரியாகப் பிரித்த துண்டிலிருந்து வரும் நூல் ஏற்கெனவே அந்த நிறத்தில் இருக்கும்; மறுபடி சாயம் போடத் தேவையில்லை. சாயம் என்றால் எங்கள் பக்கத்தில் நொய்யல் என்று பொருள். சாயக்கழிவால் ஒரத்துப்பாளையம் அணை நஞ்சுத் தொட்டியானதையும், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் கழிவுநீரை முழுவதும் சுத்திகரிக்கும் வரை திருப்பூர்ச் சாய ஆலைகளை மூடச் சொன்னதையும் நாம் மறந்துவிட முடியாது. அந்தத் தீர்ப்புக்குப் பின் ஆலைகள் பெருஞ்செலவில் எந்திரங்களை நிறுவி நீரைத் திரும்பப் பெறுகின்றன. உப்பு மூட்டைகளாகத் தேங்குகிறது. ஒரு கறுப்பையும் இன்னொரு கறுப்பையும் பிரிக்கும் பெண், சாயத்தொட்டி ஒன்றை நிரப்ப வேண்டிய தேவையையே நீக்குகிறார். எந்திரம் துணியைக் கிழிக்கத்தான் செய்கிறது. துணியை மூலப்பொருளாக்குவது பிரிப்பு.

*

வட்டம் முழுமையாக மூடிவிட்டதா என்றால், இல்லை. எங்கள் சாலையில் போவது பெரும்பாலும் தொழிற்சாலையின் வெட்டுத் துண்டு. யாரும் உடுத்தாத துணி. உடுத்திக் கழித்த உடை வேறு. அதில் பருத்தியும் பாலியெஸ்டரும் பொத்தானும் ஜிப்பும் பிளாஸ்டிக் அச்சும் பிரிக்க முடியாமல் பிணைந்திருக்கின்றன. உலகில் ஆடை செய்யப் பயன்படும் பொருளில் மீண்டும் ஆடையாவது 1 சதவீதத்துக்கும் குறைவு என்று எலன் மெக்ஆர்தர் அறக்கட்டளை 2017இல் கணக்கிட்டது. மிச்சம் எங்கே போகிறது? ஒரு பங்கு ஆப்பிரிக்காவுக்கு. கானா நாட்டின் அக்ராவில் கண்டமாண்டோ என்ற பெருஞ்சந்தையில் பழைய உடைகளுக்கு 'இறந்துபோன வெள்ளைக்காரனின் துணி' என்று பெயர். இறந்தவரின் துணி யாருக்கு என்று மனு விதித்தது நினைவுக்கு வராமல் இருக்குமா? விலையாகாதவை அங்கே வாய்க்காலிலும் கடற்கரையிலும் குவிகின்றன. படிகள் சாதியிலிருந்து கண்டங்களுக்கு மாறியிருக்கின்றன. இறக்கம் அப்படியே இருக்கிறது.

2023 பிப்ரவரியில் பிரதமர் பிளாஸ்டிக் பாட்டில்களிலிருந்து செய்த மேலங்கியை அணிந்து நாடாளுமன்றத்துக்கு வந்தார். அதற்கான துணியைச் செய்தது கரூர் நிறுவனம் ஒன்று. நம் பகுதியின் தொழில்திறனுக்குப் பெருமைதான். ஆயினும் ஒன்றைக் கேட்கலாம். பாட்டில் மீண்டும் பாட்டிலாகிச் சில சுற்று வரும். துணியாகிவிட்டால் அந்தத் துணியை மீண்டும் துணியாக்க வழி அரிது. அதுவும் ஒருவகை இறக்கமே.

வணிகத்தின் கணக்கும் எளிதானதன்று. கழிவு என்று நாம் சொல்வதற்கு விலை உண்டு. அது பருத்தி விலையின் நிழல். 2022 மே மாதத்தில் 356 கிலோ கொண்ட ஒரு கண்டி பஞ்சு 1,00,000 ரூபாயைத் தாண்டியபோது கழிவுப் பஞ்சின் விலையும் கூடவே ஏறியது. நூலுக்கு அந்த விலை கிடைக்காமல் சிறு மில்கள் திண்டாடின. மறுசுழற்சி நூல் மலிவாக இருக்க வேண்டும் என்று வாங்குபவர் எதிர்பார்க்கிறார். மூலப்பொருள் விலையும் மின்கட்டணமும் மில்காரர் கையில் இல்லை. குறைக்கக்கூடியதாக எஞ்சுவது ஒன்றுதான்: பிரிப்புக் கூலி.

இதே காலத்தில் ஐரோப்பிய ஒன்றியம் ஒவ்வொன்றாகச் சட்டம் இயற்றி வருகிறது. உறுப்பு நாடுகள் பழைய துணியைத் தனியாகச் சேகரிக்க வேண்டும் என்பது 2025 ஜனவரி முதல் கட்டாயம். 2024இல் நடைமுறைக்கு வந்த இன்னொரு சட்டம், விற்காத உடைகளைப் பெரிய நிறுவனங்கள் அழிப்பதைத் தடுக்க வழி செய்தது. மறுசுழற்சிக்கு உலகளாவிய தரச்சான்றும் உண்டு. திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் அதை நாடுகிறார்கள். ஆனால் அந்த முழுச் சான்றிதழின் சங்கிலி துணியைக் கிழித்து இழையாக்கும் ஆலையிலிருந்துதான் தொடங்குகிறது. அதற்கு முன்னே இருக்கும் சேகரிப்பும் குவிப்பும் பெரும்பாலும் கையெழுத்திட்ட உறுதிமொழித் தாளில் அடங்கிவிடுகின்றன. தரையில் அமர்ந்து நிறம் பிரிப்பவர் சங்கிலியின் முதல் கண்ணிக்கும் முன்னால், அதாவது வெளியே, இருக்கிறார்.

வெளியே இருப்பவரை உள்ளே கொண்டுவர முடியாது என்பதில்லை. 2021இல் தலித் இளம்பெண் தொழிலாளி ஒருவர் கொல்லப்பட்ட துயரத்துக்குப் பின், தொழிலாளர் சங்கமும் உற்பத்தி நிறுவனமும் வெளிநாட்டு விற்பனை நிறுவனமும் சேர்ந்து 2022 ஏப்ரலில் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. 'திண்டுக்கல் ஒப்பந்தம்' என்று உலகம் அதை அறியும். பணியிடத்தில் பெண்கள் மீதான வன்முறையைத் தடுக்கும் பொறுப்பில் துணியை வாங்குபவருக்கும் பங்கு உண்டு என்பதை எழுத்தில் ஏற்க வைத்தது அது. நம் மாவட்டத்தின் பெயர் தாங்கிய ஆவணம். தைப்பவருக்கும் நூற்பவருக்கும் கேட்க முடிந்த ஒன்றைப் பிரிப்பவருக்கும் கேட்கலாம் அல்லவா? தூசி நுரையீரலில் படியாமல் இருக்க ஒரு காற்றாடி, உட்கார ஒரு மேசை, கிலோக் கணக்குக்கு மேல் ஒரு நாட்கூலி, மறுசுழற்சிச் சான்றிதழில் ஒரு வரி. கேட்பது இவ்வளவே.

*

அடுத்த வாரம் வகுப்பில் அந்தப் பாட்டை மீண்டும் எடுத்தோம். பொருநன் களைந்த சிதார் எங்கே போயிருக்கும் என்று மாணவர்களையே எழுதச் சொன்னோம். அரண்மனைப் பணியாளர் எடுத்திருப்பார் என்றும், அடுப்புக்குத் திரியாகியிருக்கும் என்றும், வாசலில் நின்ற இன்னொரு பொருநன் அணிந்திருப்பான் என்றும் எழுதினார்கள். அந்த மாணவி எழுதியது இரண்டே வரி. யாரோ ஒருத்தி அதைத் துவைத்திருப்பாள், ஈர் எடுத்திருப்பாள், நல்ல இடத்தைத் தனியே கிழித்து வைத்திருப்பாள். அவளுக்கு என்ன கொடுத்தார்கள் என்று பாட்டில் இல்லை என்று எழுதியிருந்தாள்.

நாம் அதற்கு மதிப்பெண் இட்டுவிட்டோம். விடை இன்னும் எழுதவில்லை.